வலிக்காத பொருக்கு: செஞ்சிக்கு மறுபடியும் ஒரு பயணம்

மார்கழியில் முதல் முறை செஞ்சிக்குப் போனது கோட்டை பார்க்க. தை பிறந்ததும் மறுபடி போனது, பூச்சி என்னைக் கடித்த இடத்தைக் காட்ட.

ஊர் திரும்பிய இரண்டாவது வாரம் காய்ச்சலில் விழுந்தேன். எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. மருத்துவர் உடம்பெல்லாம் தேடி, இடுப்பில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கரும்பொருக்கைக் கண்டுபிடித்தார். வலி இல்லை, அரிப்பு இல்லை. அது இருந்ததே எனக்குத் தெரியாது. புதர்ப்பூச்சி கடித்து வரும் 'ஸ்க்ரப் டைபஸ்' காய்ச்சலாம். மருந்தை மாற்றியதும் எழுந்துவிட்டேன்.

பிறகு, மருத்துவர் அனுப்பிய தகவலைப் பார்த்து, செஞ்சிப் பக்கத்துச் சுகாதார ஆய்வாளர் கதிரவன் போன் செய்தார். மலையடிவார ஊரொன்றில் சில பெண்களுக்கும் அதே காய்ச்சலாம். நான் எங்கே உட்கார்ந்தேன் என்று காட்ட முடியுமா என்றார்.

சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகப் பஸ்ஸில் நான்கு மணி நேரம். பஸ் நிலையத்திலிருந்து அவருடைய ஜீப். கோட்டை இருக்கும் ராஜகிரி மலைக்குப் பின்னால், நான் இளைப்பாறிய புளியமரத்தைக் காட்டினேன். காற்றே இல்லை. பூச்சி சுமக்கும் எலிகளைப் பிடிக்க ஊழியர்கள் பொறி வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று காத்திருக்கும் புல்லில் மறுபடி கால் வைக்க எனக்குக் கூசியது.

காய்ச்சலில் பிழைத்த செல்வியும் கூட வந்திருந்தார். "மாட்டுக்குப் புல்லு அறுத்துட்டு தெனம் இங்கதான் சார் ஒக்காந்து சாப்புடுவோம். நெழலா இருக்குது."

வேறு யார் உட்காருவார்கள் என்று கதிரவன் கேட்டார். செல்வி யோசித்தார்.

"மேரியக்கா. ரெண்டு நாளா வர்ல சார். பொண்ணு ஊட்டுக்குப் போயிருக்கும்னு நெனச்சோம்."

மேரியின் வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே பாயில் படுத்திருந்தார், கண்கள் திறந்திருந்தன. செல்வி பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. வெற்று மூலையைப் பார்த்து, யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். கதிரவன் அவர் கூந்தலை விலக்கினார். காதுக்குப் பின்னால் அதே பொருக்கு. என் கை தானாக இடுப்புக்குப் போனது.

ஆம்புலன்ஸ் அவரை விழுப்புரத்துக்குக் கொண்டுபோனது. பிழைத்துவிட்டார்.

செஞ்சிக்குப் போகிறவர்களுக்கு: முழுக்கால்சட்டை போடுங்கள், புல்லில் விரிப்பில்லாமல் உட்காராதீர்கள். அறைக்கு வந்ததும் குளித்து, இடுப்பு, அக்குள், காதுமடல் பின்புறம் பாருங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே உட்கார்ந்தீர்கள் என்று மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

வீடு திரும்பிய மேரியிடமும் போனில் இதையே சொன்னேன். அந்தப் பக்கம் இனி போகாதீர்கள் என்றும் சொன்னேன்.

"புல்லு அங்கதான தம்பி இருக்குது," என்றார்.