அந்தப் பத்து மணியின் கருத்து

செபமாலை சொல்லியே ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்கலாம் என்பது 1969 அக்டோபரில்தான் எனக்குத் தெரிந்தது. கெட்டது என் மனைவியின் தங்கை ரெஜினாவின் பெயர்.

அவள் சேலத்தில் நர்ஸ் படிப்பில் இருந்தாள். மஞ்சள் காமாலை வந்ததால் விடுப்பு எடுத்துக் கம்பைநல்லூரில் எங்கள் வீட்டில் படுத்திருந்தாள். அக்டோபரில் தினமும் மாலை ஒவ்வொரு வீடாகச் செபமாலை நடக்கும். மணிகளைப் பத்துப் பத்தாக உருட்டிச் செபிப்போம். ஒவ்வொரு பத்து மணிக்கும் முன்னால், இன்னாருக்காக, இன்னதற்காக என்று ஒருவர் கருத்துச் சொல்வார். அதற்காக எல்லோரும் வேண்டுவோம். அன்று பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி கண்களை மூடிக்கொண்டு சொன்னார்:

“பட்டணத்துக்குப் படிக்கப் போயி ஏமாந்து, வவுத்துப் புள்ளயோட வூடு வந்திருக்கிற ஒரு பொண்ணுக்காக. பேரு வேணாங்க, பாவம்.”

பக்தியாக வேண்டினோம். முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. எங்கள் தெருவில் அப்படிப் படிக்கப் போனவள் ஒருத்திதான்.

நான் ஒரு தினசரியின் அரூர் நிருபர். மாடு காணாமல் போன செய்திக்குக்கூட “யார் சொன்னது?” என்று ஆசிரியர் கேட்பார். செபத்தில் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

மறுநாள் கிணற்றடியில் ரெஜினாவிடம் ஒருத்தி, “என்னம்மா, மசக்கையில கண்ணுகூட மஞ்சளாவுமா?” என்றாளாம். அழுதுகொண்டே வந்தாள்.

“மாமா, நா இனி சேலத்துக்கும் போகல, கோயிலுக்கும் வரல. நீங்களுந்தான ஒக்காந்து வேண்டிக்கிட்டீங்க?”

நேரே ஆரோக்கியமேரியிடம் போனேன்.

“அக்கா, அவளுக்குக் காமாலைங்க.”

“நா யாரு பேரயாச்சும் சொன்னனா தம்பி? செபத்துக்குப் போயி கோவிச்சுக்கறீங்களே!”

இவரை என்ன செய்வது?

அவர் மகன் கள்ளச்சாராயக் கேஸில் மாட்டியது காவல் நிலையத்தில் என் காதுக்கு வந்திருந்தது. அடுத்த செபமாலை எங்கள் வீட்டில். முதல் கருத்து என்னுடையது. ‘சாராயக் கேஸில் சிக்கிய ஒரு மகனுக்காக. பெயர் வேண்டாம்.’ அரூர் பஸ்ஸிலேயே வாக்கியத்தைச் செதுக்கி வைத்தேன். சொல்லிப் பார்த்தால் நாக்கு இனித்தது. அந்த இனிப்புதான் என்னைப் பயமுறுத்தியது. “ஆண்டவரே, அந்த அம்மாள் வாயை மூடும். முடியாவிட்டால் என் வாயையாவது மூடும்” என்று வேண்டினேன். மரியாதையான செபம் இல்லை. வேறு செபம் வரவில்லை.

அன்று மாலை வழக்கத்தைவிடக் கூட்டம். ரெஜினாவைப் பார்க்கத்தான் வந்தார்கள். ஆரோக்கியமேரி முன்வரிசையில். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளறையிலிருந்து ரெஜினா வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மொதப் பத்து எனக்காக வேண்டிக்கங்க. எனக்கு மஞ்சக்காமாலை. சீக்கிரம் சேலத்துக்குத் திரும்பணும், ஒடம்புல தெம்பு வேணும். இதுக்கு மேல எனக்காக எதுவும் சேத்து வேண்டாதீங்க.”

பிடித்த நிலையை விடாமலே முழுதாகச் சொன்னாள். நான் செதுக்கிய வாக்கியத்துக்கு அங்கே இடமே இல்லை. செபத்தைத் தொடங்கினேன். அழுகையில் வார்த்தை தடுமாறியது.

ரெஜினா சேலத்துக்குத் திரும்பினாள். படிப்பை முடித்து இன்று நர்ஸாக இருக்கிறாள். ஆண்டவருக்கு நன்றி.

பங்குச் சாமியாரிடம் முறையிட்டேன். இனி அவரவர் தமக்காக மட்டும்தான் கருத்துச் சொல்லவேண்டும் என்றார். அடுத்த நாள் கருத்துச் சொல்ல ஒரு ஆள் இல்லை. எங்கள் தெருவில் அத்தனை புனிதர்கள்!

இப்போது ஒருவரைப் பற்றி ஏதாவது சொல்ல நாக்கு இனிக்கும்போதே நிறுத்திவிடுகிறேன். பிரியமானவர்களே, நீங்களும் உங்கள் வாயை ஆண்டவரிடம் ஒப்படைத்துப் பாருங்கள். நிச்சயம் காப்பார். ஆரோக்கியமேரியின் வாய்க்காகவும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.