இரைச்சல் தேடி எடுத்த அறை

ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். இந்த ஜெர்மன் சிற்றூரில் ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி ஓட்டக் கூடாது. என் மனைவி ஸ்டெல்லா சட்னி அரைத்த அன்று கீழ்வீட்டு அம்மாள் மாடியேறி வந்து, "ரூஹெ" என்றார். அமைதி என்று பொருள். நெய்வேலியில் அனல்மின் நிலையத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் என் பணிக்காலம் முழுவதையும் கழித்தவர்கள் நாங்கள். 'தெர்மல்' என்று நாங்கள் சொல்லும் அந்த நிலையத்தின் இரைச்சல் ஓயாது. அது ஓய்ந்தால்தான் பிளாக்கே விழித்து, என்ன ஆயிற்று என்று வாசலுக்கு வரும். மகனோடு இருக்க இங்கே வந்த நாள் முதல் ஸ்டெல்லாவுக்குத் தூக்கமில்லை. "காதுல பஞ்சு வெச்சாப்புல இருக்குதுங்க. எதைக் கேட்டுகினு தூங்கறது?" என்பாள். மாத்திரையும் பலிக்கவில்லை.

ஓய்வூதியத்துக்காக, நான் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க ஹாம்பர்க்கிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போகவேண்டி வந்தது. ஸ்டெல்லாவும் உடன் வருவதாக இருந்தாள். தங்குமிடம் தேடுவது என் பொறுப்பு. அலுவலக வேலையாகச் சென்னைக்குப் போன காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கிரேடுக்குரிய கெஸ்ட் ஹவுஸ், கிரேடுக்குரிய அறை, கிரேடுக்குரிய கொசு. இங்கே இணையம் முழுக்க விடுதிகள். நான் புகார்களை மட்டும் படித்தேன். "ஜன்னலுக்குக் கீழேயே ரயில். கண்ணாடி அதிர்கிறது. கண்மூடவே முடியவில்லை" என்று ஒருவர் கொதித்திருந்தார். உடனே அந்த விடுதியில் பதிவு செய்தேன்.

வரவேற்பில் இருந்த பெண் எங்கள் வயதைப் பார்த்து இரங்கினாள். "உங்களுக்காகப் பின்பக்க அறை ஒதுக்கியிருக்கிறேன். கூடுதல் கட்டணம் இல்லை. ஒரு சத்தமும் வராது."

ஸ்டெல்லாவின் முகம் வாடியது.

"எங்களுக்குச் சத்தம் வேண்டும்" என்றேன்.

"உறுதியாக வராது, சார்."

எத்தனை முறை சொன்னாலும் அதே பதில். வாய்ப்பேச்சு எடுபடாத இடத்தில் செய்யவேண்டியதைச் செய்தேன். 'ரயில் பக்க அறையை நாங்களே விரும்பிக் கேட்கிறோம். பின்னர் புகார் செய்யமாட்டோம்' என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினேன். அவள் மேலாளரை அழைத்தாள். இருவரும் எங்களை ஒருமாதிரிப் பார்த்தார்கள். சாவி மாறியது.

மதியச் சாப்பாடு முடிந்து அறைக்குள் நுழைந்தபோதே ஒரு ரயில் போனது. கண்ணாடி கடகடத்தது. "தெர்மலாட்டமே இருக்குதுங்க" என்றவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தாள். அடுத்த ரயில் வருவதற்குள் குறட்டை கேட்டது.

நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, பகலெல்லாம் இதைவிடப் பெரிய இரைச்சலில் அசந்து தூங்கியவன் நான். பக்கத்தில் படுத்தேன். ஒவ்வொரு ரயிலுக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. அடுத்து ஒன்று தடதடத்து வந்தபோது என் வாய் தானாகச் சொன்னது: "ரூஹெ."

திடுக்கிட்டு எழுந்தேன். ஜன்னல் பாதி திறந்திருந்தது. சாத்தினால் எனக்குத் தூக்கம் வரும், அவள் விழித்துக்கொள்வாள். கொக்கியில் கைவைத்தபடி நின்றேன்.