புஷ்பலதா அக்காவின் இரண்டாவது பாட்டு

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்காக ஊரே மலையேறிக்கொண்டிருந்த அன்று, புஷ்பலதா அக்கா மட்டும் சேலம் பஸ்ஸில் ஏறி மலையிறங்கினார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களிடம் வழக்கம்போல் இரண்டு தடவை விடைபெற்றார். இடப்பக்கம் திரும்பி ஒரு "போயிட்டு வாரனுங்க", வலப்பக்கம் திரும்பி இன்னொன்று.

எங்கள் ஊர் ஏரிப் படகுத்துறையில் மைக் பிடித்த பழக்கம் அது. நேரம் முடிந்தும் கரைக்கு வராத படகுகளைக் கூப்பிடுவது அவர் வேலை. படகுகள் இரு பக்கமும் சிதறிக் கிடக்கும்; அதனால் எதையும் இரு திசைக்கும் சொல்வார். அலுப்புத் தாங்காமல் ஒருநாள் ராகம் போட்டு இழுத்தார்: "எட்டாம் நம்பரு போட்டுக்காரரே, ஏரி எங்கயும் ஓடாதுங்க, கரைக்கு வந்துருங்க!" யாரோ எடுத்த வீடியோ ஒரே வாரத்தில் எல்லார் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. சென்னையில் ஒரு ஸ்டுடியோ கூப்பிட்டது. வேலையை விட்டுவிட்டு, அந்தத் திருவிழா நாளில் கிளம்பினார்.

அங்கே மைக் ஒரே இடத்தில் தொங்கியது. அக்கா அங்கேயும் திரும்பித் திரும்பிப் பாடினார். பாதி வரிகள் சரியாகப் பதிவாகவில்லை. "ஒரு வரி எங்களுக்கு, ஒரு வரி செவுத்துக்காம்மா?" என்றாராம் பதிவு செய்தவர். "செவுரு நொம்ப ரசிச்சுதுங்கன்னு சொன்னேன் கண்ணு. அடுத்த பஸ்ஸுக்கே அனுப்பிப்போட்டாங்க" என்று அக்காவே நடித்துக் காட்டிச் சிரிப்பார். திரும்பி வந்தபோது படகுத்துறை மைக் வேறொருவர் கையில் இருந்தது.

இப்போது காதுகுத்து, வளைகாப்பு மேடைகளில் பாடுவதுதான் பிழைப்பு. நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து, அடுத்து எங்கே ஓடலாம் என்று மேப் பார்த்துக்கொண்டிருந்த என்னை மேனேஜர் ஆக்கிக்கொண்டார். "நீயும் சும்மா, நானும் சும்மா. ரெண்டு சும்மா சேந்தா ஒரு கம்பெனி."

எந்த மேடையானாலும் கூட்டம் கேட்பது எட்டாம் நம்பரைத்தான். "அடுத்த வருசம் அது பழசாயிரும். அப்பறம் நானு?" என்பார். அதற்காகவே சொந்தமாக இன்னொரு பாட்டுக் கட்டியிருக்கிறார். பனிமூட்டத்தில் துணி காயாமல், எஸ்டேட் வேலைக்குக் கட்டிப்போக மாற்றுச் சேலையில்லாமல், கொடியையே பார்த்து நிற்கும் ஒரு பெண்ணின் பாட்டு. நிகழ்ச்சியின் கடைசியில் அதைப் பாடுவார். அதற்குள் பந்தி போட்டிருப்பார்கள்.

"காலிச் சேருங்க ஒண்ணுகூட எந்திரிச்சுப் போகல, பாத்தியா? எல்லாம் நம்ம ரசிகருங்க."

மேனேஜராக நான் ஒரு யோசனை சொன்னேன்: அதையே முதலில் பாடுங்கள். பாடினார். "எட்டு! எட்டு!" என்று விசிலடித்தார்கள். "டவுன் பஸ்ஸு நம்பரு கேக்கற மாதிரியே கேக்கறாங்க கண்ணு" என்றார் இறங்கி வந்து. அதற்குப் பிறகு என் யோசனைகளை அவர் கேட்பதில்லை.

சென்னையிலிருந்து வந்து இரண்டு வருடம் கழித்து, ஒரு மழை நாளில், அவர் வீட்டுச் சமையலறையில் நாங்கள் இருந்தபோது அவர் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ஆத்தூரிலிருந்து மலர் என்று ஒருவர். நான்தான் சத்தமாகப் படித்தேன்.

"அக்கா, எங்க சொந்தக்காரங்க காதுகுத்துல உங்க பாட்டக் கேட்டுட்டிருந்தனுங்க. பாதியில பந்திக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. அந்தப் பொண்ணோட சேலை கடைசியில காஞ்சுதாங்களா?"

"இன்னொருக்கா படி" என்றார். படித்தேன்.

"காஞ்சிருச்சுன்னு பதில் போட்டரட்டுமாக்கா?"

அக்கா அடுப்பை அணைத்தார். குக்கரின் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு போனை வாங்கி, குரல் பதிவை அழுத்தி, முதல் வரியிலிருந்து பாடத் தொடங்கினார்.