குங்குமம் வைத்த செல்லோ

சரஸ்வதியை ஏமாற்ற அப்பா போட்ட திட்டத்தை எட்டு வயதில் நான் முறியடித்தேன். வெகுநாள் வரை இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் கீழே மளிகைக்கடை, மேலே நாங்கள். அப்பா துறைமுகக் கிடங்கில் கணக்கர், சாயங்காலமானால் வயலின்காரர். அவரோடு சேர்ந்து வாசிக்க மூன்று பேர் வீட்டுக்கு வருவார்கள். இன்னொரு வயலின் வாசித்தவர் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்திய தமிழர். அவர் எனக்குச் சர்ச் மாமா. வயலினைவிடச் சற்றுப் பெரிதான வியோலாவை வாசித்தவர் வெள்ளையரும் ஆசியரும் கலந்த வழியில் வந்த யுரேசியர், பள்ளி ஆசிரியர், ஆகவே டீச்சர் அங்கிள். நான்காமவர் அப்பாவோடு கிடங்கில் வேலை பார்த்த சீனர். என்னைவிட உயரமான செல்லோவை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிப்பார். அதை வைத்துக் கொண்டுவரும் பெட்டியைப் பார்த்து அவருக்குப் பெரிய பெட்டி மாமா என்று பெயர் வைத்தது நான்தான். துறைமுகத் தமிழர்களோடு பழகி அவருக்குத் தமிழ் வந்துவிட்டது. இலக்கணம் மட்டும் இன்னும் கப்பலைவிட்டு இறங்கவில்லை. பேச்சுக்குப் பேச்சு ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்ப்பார்.

நால்வரும் எதையும் வாசிப்பார்கள். தேவாலயக் கல்யாணத்துக்குத் துதிப்பாட்டு, சீனர் வீட்டு எழுபதாவது பிறந்தநாளுக்கு அவர்கள் பாட்டன் காலத்து மெட்டு, வெள்ளைக்காரர் கிளப்பில் வால்ட்ஸ் நடன இசை, நம்மவர் வரவேற்பில் நலங்குப் பாட்டு. எங்கே போனாலும் ஒன்று மட்டும் மாறாது. எதிரில் இருப்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். வாசிப்பு நின்றால் யாருக்கும் தெரியாது, ரசம் நின்றால்தான் தெரியும் என்பார் அப்பா. வீட்டில் ஒத்திகை நடக்கும்போது அம்மாவும் அடுப்படியில்தான் இருப்பாள். நாலு பேருக்குப் பஜ்ஜி போடவேண்டுமே. ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதைதான் இது என்று எண்ணெய்ச் சட்டியிடம் சொல்லிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவர்களுக்கு டோபி காட் பக்கம் ஒரு சிறிய மண்டபத்தில் வாசிக்க வாய்ப்பு வந்தது. வரிசையாக நாற்காலி போட்டு, சாப்பாடே இல்லாமல், ஒரு மணி நேரம். கேட்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். அப்பா அந்தச் செய்தியை எங்களிடம் இரண்டு முறை சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. மூன்று மாதம் ஒரே உருப்படியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். கீழே மளிகைக்கடைக்காரர்கூட அதை முணுமுணுத்தபடி பருப்பு நிறுத்தார்.

வந்த வினை, அந்த நாள் சரஸ்வதி பூஜையன்று விழுந்தது.

எங்கள் வீட்டுச் சட்டம் கடுமையானது. பூஜையில் வைத்த புத்தகத்தையும் வாத்தியத்தையும் மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை தொடக்கூடாது. அப்பா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மயிரெல்லாம் உதிர்ந்துபோன பழைய வயலின் வில் ஒன்று பரண்மேல் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து அம்மாவிடம் கொடுத்து, "இதை வச்சிடு, போதும். அவங்களுக்கு வீணைதான் வாசிக்கத் தெரியும், வயலின் தெரியாது" என்றார். அம்மா முணுமுணுத்தாள், ஆனாலும் வாங்கி வைத்தாள்.

எனக்குத்தான் பயமாக இருந்தது. அதற்குக் காரணம் இருந்தது. முந்திய வருடம் சரஸ்வதி பூஜையன்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு கதைப்புத்தகம் படித்திருந்தேன். அடுத்த மாதமே கணக்கில் ஃபெயில். இதை யாரிடமும் சொல்லவில்லை. தெய்வத்தை ஏமாற்றினால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் அனுபவப்பட்டவள் நான் ஒருத்திதான். அப்பாவும் மற்ற மூவரும் நாற்காலி வரிசைகளுக்கு முன்னால் ஃபெயில் ஆகப்போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

பூஜைக்கு முந்தின நாள் ஒத்திகையின்போது கொட்டிய மழையில் நான்கு வாத்தியங்களும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன. வேலை முடிந்து நான்கு மணிக்கு வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. நான் பள்ளி விட்டு வந்தபோது அம்மா காலைப் பூஜையை முடித்துவிட்டுப் பக்கத்து வீடுகளுக்குச் சுண்டல் கொடுக்கப் போயிருந்தாள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

பெட்டிகளைத் திறந்தேன். இரண்டு வயலின்களையும் வியோலாவையும் புத்தக அடுக்கின்மேல் வைத்தேன். செல்லோவைப் பாயில் கிடத்தி, பாயோடு இழுத்து வந்தேன். மிச்சமிருந்த சந்தனத்தைக் குழைத்து நான்குக்கும் நெற்றி என்று எனக்குப் பட்ட இடத்தில் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். பிறகு அட்சதை. செல்லோவின் மார்பில் இருபுறமும் நீளமாக வளைந்த துளைகள் இருந்தன. அரிசி போடத்தான் இருக்கின்றன என்று தோன்றியது. இரண்டு கை நிறையப் போட்டு, விழுந்து கும்பிட்டேன். அத்தனை நிம்மதியை அதற்குப் பிறகு நான் பல வருடம் அனுபவித்ததில்லை.

அம்மா வந்து பார்த்தவள் வெறும் தூக்குச்சட்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாருடி வச்சது?"

"நான்தாம்மா. பூஜையும் பண்ணிட்டேன்."

அம்மா கிட்டே போனாள், கையை நீட்டினாள், பின்பு இழுத்துக்கொண்டாள். என்னைத் திட்டவும் இல்லை. அப்படியே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்கு நால்வரும் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கழுத்துப்பட்டையோடு படியேறி வந்தார்கள். அப்பா பூஜையைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று. "வச்சது வச்சதுதாங்க. நான் எப்படி எடுக்கச் சொல்வேன்?" என்றாள் அம்மா அழமாட்டாக் குறையாக. இது யார் வேலை என்று அப்பாவுக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. அன்றுவரை என்னை அடித்திராதவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

பெரிய பெட்டி மாமா நடுவில் வந்து நின்றார்.

"அடிக்க வேணாம் லா. நான்தான் பாப்பாகிட்ட சொன்னது. என்னோடது எல்லாம் சாமிகிட்ட வை, நான் சொன்னது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இல்ல! நீங்க சொல்லவே இல்ல! நானாத்தான் வச்சேன்!" என்று கத்தினேன். என் புண்ணியத்தை அவர் தட்டிக்கொண்டு போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. சர்ச் மாமா சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாவின் கை எப்போது இறங்கியது என்று தெரியவில்லை.

ஆனால் சிக்கல் அப்படியே இருந்தது. மண்டபத்தில் நாற்காலிகள் காத்திருந்தன. டீச்சர் அங்கிள் மணியைப் பார்த்தார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. அவள் சொல்லாமல் எடுக்க அந்த நால்வரில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. பெரிய பெட்டி மாமா சரஸ்வதி படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்:

"தங்கச்சி, இந்த அம்மா கையில வீணை இருக்கு. இன்னிக்கு அவங்க கீழ வைக்கலியா?"

அம்மா படத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த படம்தான்.  பிறகு எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, கற்பூரத்தை ஏற்றினாள். மறுநாள் காலை செய்யவேண்டிய பூஜையை அப்போதே செய்து முடித்தாள்.

"எடுத்துக்கங்க அண்ணே. ஆனா எடுத்ததும் அவ முன்னாடி வாசிக்கணும். அதான் முறை. முழுசா வாசிச்சிட்டுப் போங்க."

பெரிய பெட்டி மாமா செல்லோவைத் தூக்கினார். உள்ளே கலகலவென்று அரிசி உருண்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் அதைக் கவிழ்த்துக் குலுக்கினார். அரிசி பாயில் கொட்டியது, கூடவே பஞ்சு பஞ்சாகத் தூசி. "அரிசி நல்லது லா. உள்ள சுத்தம் ஆச்சு" என்றார். அதையும் பொய் என்றே எண்ணினேன். தந்தி வாத்தியங்களுக்குள் அரிசி போட்டுத் தூசி எடுப்பார்கள் என்று வெகுகாலம் கழித்து ஒரு வயலின் பழுதுபார்ப்பவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்று அவர் சொன்ன இரண்டில் அது மட்டும் நிஜம்.

சாப்பாட்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்கள். அம்மா அடுப்படிக்குப் போகவில்லை. என்னை மடியில் இருத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை கேட்டாள். மூன்று மாதமாகச் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்ட உருப்படிதான். நடுவில் அப்பா ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பார்த்தவர் ஓர் இடத்தைத் தவறவிட்டார். முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல்.

படியிறங்கும்போது பெரிய பெட்டி மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்து எச்சரித்தேன். "இன்னிக்குப் பொய் சொன்னா கணக்குல ஃபெயில் ஆயிடுவீங்க." அவரும் அப்பாவைப்போலக் கிடங்கில் கணக்கெழுதுபவர். "ஐயோ" என்று நெஞ்சில் கைவைத்தார்.

அன்று மாலை மண்டபத்துக்கு அம்மாவும் வந்தாள், மடியில் மிச்சச் சுண்டல் தூக்குச்சட்டியோடு. பசிக்கிறது என்றேன். "இங்க யாரும் திங்கக்கூடாது" என்று தொடையில் கிள்ளினாள். வாசிப்பு முடிந்து கடைசிக் கைதட்டல் ஓயும்வரை மூடி திறக்கவில்லை.

அப்பாவும் மற்ற இருவரும் வாத்தியங்களைத் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தார்கள். பெரிய பெட்டி மாமாவின் செல்லோவில் மட்டும் நான் வைத்த பொட்டு விளக்கு வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம், தேவாலயத்திலும் கிளப்பிலும் சீனர் விருந்திலும், அந்தக் கறை அங்கேயே இருந்தது. என்மேல் விழவிருந்த அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ள முன்வந்த அந்த மனிதருக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்ல அவர் இல்லை. சொல்லாமல் இருக்க என்னாலும் முடியவில்லை.

அன்று நான் செய்ததெல்லாம் அம்மாவின் காதருகே குனிந்து, "பாவம்மா, மாமா தொடைக்க மறந்துட்டாரு" என்று சொன்னதுதான்.