பபூனுக்குச் சோறு போட்ட வீடு

தொலைக்காட்சியில் ஒரு மாதமாக ஒரு புதுத் தொடருக்கு விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊரையே சிரிக்கவைக்கிற ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி, அதற்குப் பின்னால் வேலை பார்க்கிறவர்களின் கதையாம். விளம்பரத்தில் ஒருவன் மேடையில் குட்டிக்கரணம் போடுகிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். உடனே திரைக்குப் பின்னால் ஒரு பெண் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பதைக் காட்டுகிறார்கள். அவ்வளவுதான், 'விரைவில்' என்று எழுத்து வந்துவிடும். அவள் யார், ஏன் நகத்தைக் கடிக்கிறாள் என்று தெரியாமல் எங்கள் வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அவள்தான் கதை எழுதிக் கொடுக்கிறவள் என்கிறாள் மருமகள். இல்லை, அவன் பெண்டாட்டி என்கிறான் மகன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது, சின்னதிலிருந்தே அப்படித்தான். ஆனால் அந்தப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் அத்தை ஞாபகம்தான் வருகிறது.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. முக்கூடலுக்குப் பக்கத்தில் ஆற்றை ஒட்டின ஊர் எங்களுடையது. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கிற சிறுமியாக இருந்தபோது அத்தைக்குக் கல்யாண வயது. பகலெல்லாம் மடியில் இலையும் தூளும் பரப்பின சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். வெயில் தாழ்ந்ததும் சுளகை மூலையில் சாத்திவிட்டு ஆற்றுக்குப் போவாள். கரையில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குதித்தாளானால் அக்கரையில் நிற்கிற மருத மரத்தைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள். நான் படித்துறையில் துணிமணிக்குக் காவல் இருப்பேன். தண்ணீருக்குள் இருக்கும்போது அத்தை வேறு ஆள். வீட்டில் பெரியப்பா செருமினாலே கதவுக்குப் பின்னால் போய்விடுகிறவள், ஆற்றுக்குள் நின்று கூவிப் பாட்டுப் பாடுவாள்.

அந்தப் பெரியப்பாதான் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார். தெற்கே தேரிக்காட்டுப் பக்கம். செம்மண் மேடும் பனையுமாகக் கிடக்கிற பூமி அது. மாப்பிள்ளை வீட்டுக்குப் பனை நிறைய, கருப்பட்டி வியாபாரம், குடி கிடையாது, நல்ல சனங்கள். ஒரே ஒரு குறை, தண்ணீர் கிடையாது. குடிக்கிற தண்ணீருக்கே பெண்கள் குடத்தோடு வெகுதூரம் நடக்க வேண்டும். பெரியப்பாவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. தண்ணியைப் பார்த்தா பொண்ணைக் குடுப்பாங்க என்று அம்மாவை அடக்கிவிட்டார். அத்தையை யாரும் கேட்கவில்லை. ஆறு இல்லாத ஊருக்குப் போக மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாலும் வீட்டில் எல்லோரும் சிரித்திருப்பார்கள். ஆவணி பிறந்ததும் பேசி முடித்துவிடுவது என்று ஏற்பாடு.

அதற்குள் ஆடியில் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. மாப்பிள்ளையின் அப்பாவைக் கொடைக்கு அழைத்திருந்தார் பெரியப்பா. ஆடியில் பேசத்தான் கூடாது, வந்து சாப்பிட்டுப் போனால் என்ன என்பது அவர் கணக்கு.

கொடைக்கு அந்த வருஷம் நாடகம். நாடகக்காரர்களுக்கு ஊரில் வீடு பிரித்துச் சோறு போடுவது வழக்கம். ராஜா வேஷக்காரருக்குப் பண்ணையார் வீடு, ஆர்மோனியக்காரருக்கு வாத்தியார் வீடு என்று பிரித்ததில் எங்கள் வீட்டுக்கு பபூன் வந்து விழுந்தார். ராஜா கிடைக்கவில்லையே என்று அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். எனக்கோ சொல்ல முடியாத சந்தோஷம். பபூன் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறார்! முந்தின நாளிலிருந்தே, அவர் வாசலில் எப்படி விழுவார், அப்பளத்தை வைத்து என்ன வித்தை காட்டுவார் என்று நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் வந்தவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒல்லியான மனிதர். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் மஞ்சள் பை. கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கப்பிள்ளை மாதிரி இருந்தார். விழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பையைச் சுவரோரம் வைத்துவிட்டு இலையின் முன்னால் உட்கார்ந்து, அவியலைத் தொட்டுத் தொட்டு அமைதியாகச் சாப்பிட்டார்.

அம்மா பரிமாறிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். அத்தை உள்கதவுக்குப் பின்னால் சுளகோடு உட்கார்ந்திருந்தாள். நான் நிலைப்படியில். பபூன் என்னைப் பார்த்து, ஊரில் என்ன விசேஷம், யார் வீட்டு மாடு காணாமல் போச்சு, யார் கஞ்சன் என்று கேட்டார். போகிற ஊரிலெல்லாம் இப்படிக் கேட்டு வைத்துக்கொள்வாராம். ஊர்க்காரன் கதையைச் சொன்னால்தான் ஊர்க்காரன் சிரிப்பானாம். நான் வாயே திறக்கவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

“எங்க ஊர்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. தெக்க தேரிக்காட்டுல எங்க சித்தி மகளைக் கட்டிக் குடுத்திருக்கு. அவ சொன்னது ஒண்ணு இருக்கு, சொல்லவா?”

அந்நிய ஆம்பிளையிடம் அத்தை பேசி நான் பார்த்ததே இல்லை. அவள் பைய ஆரம்பித்து, போகப் போக வேகமாகச் சொன்னாள். விடிந்ததும் மாமனார் முகம் கழுவுகிற தண்ணீரைத் தாம்பாளத்தில் பிடிப்பார்களாம். அதில் அடுத்தவன் கால் கழுவ வேண்டுமாம். பிறகு அது கன்றுக்குட்டிக்கு. கன்று குடித்தது போக மிச்சம் முருங்கைக்கு. சொல்லும்போதே மாமனார் மாதிரி செருமிக் காட்டினாள், கன்றுக்குட்டி மாதிரி உறிஞ்சிக் காட்டினாள். பபூன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அப்போதும் சிரிக்கவில்லை. எங்கள் வாத்தியார் கணக்கு நோட்டைத் திருத்தும்போது இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

“இது ஆரையும் குத்துத மாதிரி இல்லல்லா தாயி?”

“ஆரையும் இல்ல அண்ணாச்சி. ஒரு ஊரைப் பத்தித்தான்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். எனக்கு அத்தை மேல் கோபம். பபூனைச் சிரிப்புக் காட்டவிடாமல் இவளே பேசித் தீர்த்துவிட்டாளே என்று.

சாயங்கால பஸ்ஸில் மாப்பிள்ளையின் அப்பா வந்தார். கூடவே மாப்பிள்ளையும் வந்தார். அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பெரியப்பாவுக்கே தெரியாது. நெடுநெடுவென்று வளர்ந்தவர், ஓலைக் கொட்டானில் கருப்பட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா அவசரத்தில் கால் கழுவ ஒரு செம்புத் தண்ணீரை அத்தையிடம் கொடுத்துவிட்டாள். அத்தை அதை வாசலில் வைத்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கினாள். எங்கள் ஊரில் யாரானாலும் செம்பைக் கவிழ்த்துத்தான் கால் கழுவுவார்கள். அவர் பாதத்தில் கொஞ்சம், குதிகாலில் கொஞ்சம் விட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, பாதித் தண்ணீரோடு செம்பைத் திரும்ப நீட்டினார். ஒரு சொட்டுகூட வீணாக்கவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. செம்புக்குள்ளே பார்த்துக்கொண்டே நின்றாள். அம்மா கூப்பிட்டும் காதில் விழவில்லை.

அன்று பொழுது சாய்ந்து நாடகத்துக்கு எல்லோரும் கிளம்பும்போது, தலைவலி என்று அத்தை வரவில்லை. வருஷம் முழுவதும் கொடைக்காகக் காத்துக்கிடக்கிறவள். நான் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். “நீ போட்டி” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாடகத்தில் முதலில் பபூன்தான் வருவார். மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்தான் அவர் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. மாப்பிள்ளை வேஷத்தில், ஒரு செம்பைத் துணியில் சுற்றிப் பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு குதித்து வந்தார். என்னவே அது என்று ஆர்மோனியக்காரர் கேட்டார்.

“எங்க ஊரு ஆறு வே. காலையில எங்கப்பா இதுல மூஞ்சி கழுவினாரு. அதுல நான் காலைக் கழுவினேன். அதைக் கன்னுக்குட்டி குடிச்சுது. மிச்சத்தை முருங்கைக்கு ஊத்தினோம். இப்ப சாம்பார் வச்சா முருங்கக்காய்ல எங்கப்பா மூஞ்சி தெரியுது.”

கூட்டம் உருண்டது. பிறகு பெண் பார்க்கிற கட்டம். பெண் பிடித்திருக்கிறதா என்று ஆர்மோனியக்காரர் கேட்க, பபூன் எங்கள் ஆறு இருக்கிற திசையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு, “பிடிச்சிருக்கு வே, எம்புட்டு நீளம்!” என்றார். பொண்ணை இங்கனயே வச்சுக்கிடுங்க, ஆத்தை மட்டும் எங்கூட அனுப்பி வையுங்க என்று கெஞ்சினார். பெரியப்பா பக்கத்தில் இருந்தவர் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தார். யாரைப் பற்றிச் சிரிக்கிறோம் என்பது பாதிச் சிரிப்பில்தான் அவருக்கு உறைத்தது. சட்டென்று நிறுத்திவிட்டு, பக்கத்துப் பெஞ்சை ஓரக்கண்ணால் பார்த்தார். நானும் பார்த்தேன். மாப்பிள்ளை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் நிறுத்திவிட்டுப் பெண்கள் இருந்த பக்கம் திரும்பி யாரையோ தேடினார்.

மறுநாள் காலையில் அவருக்கு ஆற்றுக்கு வழி காட்ட அப்பா என்னை அனுப்பினார். ஆடி மாசத்து ஆறு, இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது. படித்துறையில் கீழ்ப்படியில் உட்கார்ந்து, அவ்வளவு தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தலையில் விட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

“பாப்பா, பபூனுக்கு நேத்து யாரு வீட்டுல சாப்பாடு?”

“எங்க வீட்டுல.”

அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒங்க அத்தைக்கு நீச்சல் தெரியுமா?”

“அக்கரைக்குப் போயி மருத மரத்தைத் தொட்டுட்டு வருவா.” என் வாயிலிருந்து அவ்வளவு பேச்சு வந்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவர் சிரித்தார். “அத்தைகிட்ட சொல்லு. அவ சொன்னது அம்புட்டும் நெசந்தான், ஒரு சொட்டுகூடக் கூட்டிச் சொல்லல. இந்த ஆத்தை விட்டுட்டு எங்கயும் போவ வேண்டாம்னு நான் சொன்னேன்னு சொல்லு.”

வீட்டுக்கு வந்து அவர் பெரியப்பாவிடம் மரியாதையாகச் சொன்னார். ஊரில் கிணறு தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், தண்ணீர் காணட்டும், அதற்குப் பிறகுதான் கல்யாணம் என்று வைத்திருக்கிறேன், நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்று. அவருடைய அப்பா திகைத்துப்போய் மகனைப் பார்த்தார். அவர்கள் பஸ் ஏறினதும் பெரியப்பா அப்பாவிடம் குதித்தார். “நாம வேண்டாம்னு சொல்லுததுக்கு முந்தி அவன் சொல்லிட்டுப் போறாம் பாத்தியாலே!” ஊர்ச் சிரிப்புக்குப் பயந்து ராத்திரி முழுவதும் அதே வார்த்தையை எப்படிச் சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்ததை அம்மா எனக்கு வெகுகாலம் கழித்துச் சொன்னாள்.

இரண்டு வருஷம் கழித்து அத்தையை ஆழ்வார்திருநகரியில் கொடுத்தார்கள். அங்கேயும் இதே ஆறுதான். மாமா நல்ல மனிதர், நிறைவாக வாழ்ந்தாள். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டாள், கண் மங்கல். போனில் அந்தத் தொடரைப் பற்றி நான் சொன்னதிலிருந்து, எப்ப போடுதான், எப்ப போடுதான் என்று தினமும் கேட்கிறாள். பார்க்க முடியாவிட்டால் என்ன, பேசுவதைக் கேட்கலாம் அல்லவா. நேற்று கேட்டாள்.

“பபூனுக்குச் சோறு போட்ட வீட்டைக் காட்டுவானாட்டி?”

தெரியலையே அத்தை என்றேன். பிறகு, தேரிக்காட்டுக்கெல்லாம் இப்போது நம்ம ஆற்றுத் தண்ணீர் குழாயில் போகிறதாமே என்றாள். போகிறது என்றேன். “போவட்டும், நல்லா போவட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தேரிக்காட்டு மாப்பிள்ளை பஸ் ஏறிப் போன அன்று சாயங்காலம், அவர் சொல்லச் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அத்தையிடம் ஒப்பித்தேன். பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்த கத்தரி நின்றது. எனக்கு ஒரே குதூகலம். அத்தை எங்கேயும் போக வேண்டாம், ஆறு எங்களுக்கே. அவளை இழுத்துக்கொண்டு படித்துறைக்கு ஓடினேன். இன்றைக்கு மருத மரத்தை மூன்று தடவையாவது தொடுவாள் என்று அவளுடைய மாற்றுச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அத்தை தண்ணீரில் இறங்கவே இல்லை. காலையில் அவர் உட்கார்ந்திருந்த அதே கீழ்ப்படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, சிந்தாமல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு பாட்டுக்கு நிறையப் போய்க்கொண்டிருந்தது. நீந்து அத்தை, நீந்து என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

அவளுக்குக் காய்ச்சல்தான் வந்துவிட்டது என்று முடிவு செய்து, வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா சுக்குத் தண்ணி போட்டு வைத்தாள். அத்தை வந்து, காய்ச்சல் இல்லை என்றுகூடச் சொல்லாமல், டம்ளரில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். நான் சொல்லித்தான் அவளுக்குக் குணமாகப் போகிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.