கூரை ஒழுகிய கடைசி ஆட்டம்

கூடைப்பந்து மேட்ச் நடக்கிற நாளில் எனக்குப் பந்து போடுகிற ரிங்குக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டுவிடுவார்கள். கையில் ஒரு மாப்பு, மடியில் காய்ந்த துணிகள். ஆடுகிற பையன் யாராவது விழுந்தாலோ வேர்வை சொட்டினாலோ நடுவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டுவார். நான் ஓடிப்போய்த் துடைத்துவிட்டு, ஆட்டம் தொடங்குவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காலேஜ் அது. நான் அங்கே ஹவுஸ்கீப்பிங்கில் காண்டிராக்ட் ஆள். வடக்குப்பட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய் வருவேன். கிளாஸ் ரூம், வராண்டா என்று யாரும் இல்லாத நேரத்தில் பெருக்கித் துடைத்துவிட்டுப் போகிற வேலை எனக்குப் பிடித்திருந்தது. நாலு பேர் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி நிற்கிறவள் நான். கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில்தான் உட்காருவேன். என்னைப் போய் அத்தனை பையன்கள் முன்னால் உட்கார வைத்தார் சூப்பர்வைசர். மற்றவர்களைப் போட்டால் போன் பார்க்கிறார்களாம், இல்லாவிட்டால் பையன்களிடம் பேச்சுக் கொடுக்கிறார்களாம். நீதான் வாயைத் திறக்க மாட்டாய், நீ போ என்றார். வாயைத் திறக்காதவள் என்பதால் முடியாது என்றும் சொல்லவில்லை.

கூடைப்பந்து ஆட்டத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பந்து எந்த ரிங்குக்குள் போனால் யாருக்குச் சேரும் என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். தரை மரப்பலகை, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டது. ஷூ அதில் உரசும்போது கீச்சென்று கத்தும். ஹாலுக்குக் கூரை, கம்பெனி ஷெட்டுக்குப் போடுகிற அதே தகர ஷீட்.

இரண்டாவது ஆட்டத்தில்தான் அது நடந்தது. எதிர் டீம் பையன் ஒருவன் என் பக்கத்து ரிங்குக்குக் கீழே குப்புற விழுந்து எழுந்து போனான். ஆள் படுத்திருந்த மாதிரியே தரையில் வேர்வை. நடுவர் கையைக் காட்டினார். ஹால் முழுக்க என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. மேலே படிக்கட்டில் இருந்து ஒருத்தன், "ஆயா, உன்னத்தான் கூப்புடறாரு, பொண்ணு பாக்க வந்தா மாதிரி குந்திகினு கீறியே" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய், பாதி துடைத்தும் துடைக்காமலும் திரும்பி வந்துவிட்டேன்.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் டீம் பையன், வல்லக்கோட்டைக்காரன், இரண்டாம் வருஷம் படிக்கிறவன், அந்த இடத்தில் எகிறிப் பந்தைப் போட்டுவிட்டு இறங்கினான். இறங்கின கால் நிற்கவில்லை. முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவன் போட்ட சத்தத்தில் ஹாலே அடங்கிப்போனது.

அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முட்டிக்குள் சவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன் என்று மறுநாள் பேசிக்கொண்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பி.டி. மாஸ்டரும் சொல்லவில்லை, சூப்பர்வைசரும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர்கள் சொல்லாமல் விட்டதே நான் சரியாகத் துடைக்காதது எல்லோருக்கும் தெரியும் என்பதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

அதற்கப்புறம் வெட்கத்தைவிட பயம் பெரிதாகிவிட்டது. நடுவர் கை காட்டுவதற்கு முன்னாலேயே எழுந்துவிடுவேன். குனிந்து துடைக்கும்போது முதுகுப் பக்கம் யார் வருகிறார்கள் என்பதை ஷூ சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்ளப் பழகினேன். "ஆயா ஃபாஸ்ட் பிரேக்கு போது பாரு" என்று, பந்தோடு பாய்கிறவனுக்குச் சொல்வதை எனக்குச் சொல்லிப் பையன்கள் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன். காலேஜ்களுக்குள் நடக்கிற அந்தப் போட்டியில் எங்கள் டீம் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்துக்கொண்டு வந்தது. எல்லோரும் ஸ்கோர் போர்டைப் பார்த்துக் கத்தும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருந்தால் பூசைக்குப் போக முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மாதாவிடம், ஒரு பிள்ளையும் விழக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொள்வேன். ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதில்லை.

வல்லக்கோட்டைப் பையன் ஆபரேஷன் முடிந்து, கைத்தடி ஊன்றிக்கொண்டு திரும்பி வந்தான். ஆட முடியாவிட்டாலும் ஆட்டத்துக்கு ஆட்டம் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்காருவான். அந்த ஓரம் என் ஸ்டூலுக்குப் பக்கம். நான் அவன் பக்கம் திரும்பவே மாட்டேன்.

டீமுக்குக் கேப்டன் பென்னலூர்ப் பையன். அவன் அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறார். கடைசி வருஷம், பரீட்சை முடிகிற தறுவாய். கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் டிரெய்னியாக எடுத்திருந்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு மறுநாள் காலை முதல் ஷிஃப்டில் சேர வேண்டும். ஒரு நாள் தள்ளிச் சேரலாமா என்று கேட்டுப் பார்த்தானாம். செட்டாகத்தான் சேர்ப்போம், விட்டால் அடுத்த செட், அது எப்போது என்று சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் இறுதி ஆட்டம்தான் அவனுக்குக் காலேஜில் கடைசி ஆட்டம். தரை துடைக்கிற எனக்குக்கூட இது தெரிந்திருந்தது.

அன்றைக்கு மத்தியானம் வெயில் கொளுத்தியது. எதிர் டீம் மெட்ராஸ் பக்கத்துக் காலேஜ். ஹால் நிறைந்து, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டுகூட நின்றார்கள். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறின பிறகு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கோடை மழை. எடுத்த எடுப்பில் ஷீட்டின் மேல் ஜல்லியைக் கொட்டின மாதிரி விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் என் எதிரே ரிங்குக்கு முன்னால் பெயின்ட் அடித்த கட்டத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். ஷீட் சேருகிற இடத்தில் அடுத்த சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

நடுவரும் பார்த்துவிட்டார். ஆட்டத்தை நிறுத்தி இரண்டு மாஸ்டர்களையும் கூப்பிட்டார். தரை சரியில்லை என்றால் மிச்ச ஆட்டத்தை மறுநாள் எதிர் டீம் காலேஜ் ஹாலில் ஆட வேண்டியதுதான் என்றார். எதிர் டீம் மாஸ்டர் அதற்குச் சம்மதம் என்று உடனே சொன்னார். எங்கள் ஆட்கள் மூன்று பாயின்ட் முன்னால் இருந்தார்கள். எங்கள் மாஸ்டர், கோடை மழைதானே, இதோ விட்டுவிடும், எங்கள் ஆயா துடைத்துக்கொள்வார் என்று என்னைக் காட்டினார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் துணியைப் பார்த்தேன்.

கேப்டன் என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான்.

"ஆயா, பந்து அந்தாண்ட போவசொல்ல நீ உள்ள வந்து தொட. நாங்க இந்தாண்ட வர்றதுக்குள்ள போயிடு. கொஞ்ச நேரந்தான். நாளைக்கின்னா நான் இல்ல ஆயா."

தலையை ஆட்டினேன்.

பந்து அந்தப் பக்கம் போகும், நான் உள்ளே ஓடுவேன். துடைத்துவிட்டு ஸ்டூலுக்கு வருவேன். உட்காருவதற்குள் அத்தனை காலும் என் பக்கம் வந்து இடித்துக்கொண்டு நிற்கும். அவர்கள் திரும்பினதும் மறுபடி ஓடுவேன். நாலைந்து தடவை சரியாகத்தான் போனது. படிக்கட்டில் இருந்த பையன்கள் நான் ஓடுகிற போதெல்லாம் கைதட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு மூச்சு வாங்கியது.

மழை இன்னும் பலத்தது. அந்தச் சத்தத்தில் கைதட்டலும் கேட்கவில்லை, விசிலும் கேட்கவில்லை. குனிந்து துடைத்துக்கொண்டிருந்தேன். பலகை அதிர்கிற மாதிரி இருந்தது. நிமிர்வதற்குள் எதிர் டீம் பையன் ஒருவன், பனைமரம் மாதிரி உசரம், என் தோளை உரசிக்கொண்டு தாண்டிப்போனான். அவன் பின்னாலேயே எங்கள் பையன்கள். நான் தவழ்ந்துதான் வெளியே வந்தேன். ஷூ சத்தம் என் காதுக்கு வரவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதை நம்பித்தான் அத்தனை நாளும் ஓடியிருக்கிறேன்.

பந்து மறுபடி அந்தப் பக்கம் போனது. நான் உள்ளே போனேன். ஒரு சொட்டு இரண்டாகி, இரண்டு மூன்றாகியிருந்தது. துணி இரண்டும் நனைந்து, துடைக்கத் துடைக்கத் தண்ணீரைப் பரப்பிக்கொண்டுதான் இருந்தது. நடுவரைக் கூப்பிடலாம். என் குரல் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது, அந்த மழையில் எங்கே கேட்கப்போகிறது. நிமிர்ந்தேன். கேப்டன் பந்தைத் தட்டிக்கொண்டு நேராக என் பக்கம் வந்துகொண்டிருந்தான். வெளியே போக நேரம் இருந்தது. நான் போகவில்லை. மாப்பைப் பிடித்துக்கொண்டு கட்டத்துக்கு நடுவில் நின்றுவிட்டேன்.

அவன் எனக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றான். மற்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதி நின்றார்கள்.

"இன்னா ஆயா, போ."

"முடியாது தம்பி."

"போ ஆயா, டைம் போய்க்கினு கீது."

"வுழுந்துடுவீங்க. நான் போவ மாட்டேன்."

அந்த ஹாலில் நான் பேசின முதல் பேச்சு அதுதான். படிக்கட்டில் இருந்து ஊளையிட்டார்கள். மாஸ்டர் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுக்கப் போனார், பிறகு என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார். நடுவர் வந்து ஷூ நுனியால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். சர்ரென்று போனது. கொஞ்ச நேரம் காத்துப் பார்ப்போம் என்றார். எதிர் டீம் மாஸ்டர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே நின்றார். தண்ணீர் கட்டத்துக்கு வெளியேயும் விழ ஆரம்பித்ததும், மிச்சம் நாளைக்கு என்று நடுவர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எதிர் டீம் பஸ் கேட்டைத் தாண்டினதும் மழை விட்டுவிட்டது. மேற்கே வெளிச்சம்கூட வந்தது. மின்விசிறியை எல்லாம் போட்டுவிட்டு நான் துடைத்துக்கொண்டிருந்தேன். கேப்டன் மட்டும் போகவில்லை. தனியாக நின்று பந்தை ரிங்கில் போட்டுக்கொண்டிருந்தான். அது போய் விழும், எடுப்பான், மறுபடி போடுவான். என் பக்கம் பார்க்கவில்லை. கடைசியில் அவன்தான் கேட்டான்.

"காஞ்சிடுச்சி பாத்தியா."

"ஆமாம்பா."

"என்னாத்துக்கு ஆயா வந்து நின்ன?"

வல்லக்கோட்டைப் பிள்ளை கத்தினது இன்னும் காதிலேயே இருக்கிறது, அன்றைக்கு நான் சரியாகத் துடைக்காமல் விட்டதால்தானே அப்படி ஆனது என்றேன்.

அவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னையே பார்த்தான்.

"அவன் வேர்வைல வழுக்கல ஆயா. எறங்கசொல்ல அடுத்தவன் கால் மேல கால வச்சிட்டான். நான் பக்கத்துலதான இருந்தேன். அதுக்காவா நின்ன?"

அவன் கோபமாகச் சொன்னானா, என்னைத் தேற்றுவதற்குச் சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை. பந்துகள் வைக்கிற கூடையில் அதைப் போட்டுவிட்டு, ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போய்விட்டான்.

மறுநாள் காலையில் ஒரகடம் கூட்ரோட்டில் என் ஆட்டோ கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. கேப்டன் ஏறின முதல் ஷிஃப்ட் பஸ் எப்போதோ போயிருக்கும் என்று தெரிந்தும் நான் எந்தச் சன்னலையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மத்தியானம், மிச்சமிருந்த அந்தக் கொஞ்ச நிமிஷ ஆட்டத்துக்காக டீம் வேனில் ஏறிப் போனது. அங்கே துடைக்க அவர்கள் ஆள் இருக்கும், நான் தேவையில்லை. வராண்டாவை ஒரு தடவை துடைத்துவிட்டு மறுபடியும் துடைத்தேன். மூன்று பாயின்ட் கையில் இருக்கிறது, அவன் இல்லாவிட்டாலும் தாங்கிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்குத்தான் ஜெயிக்க வேண்டும் என்று முதல்தடவையாக மாதாவிடம் கேட்டேன்.

சாயங்காலம் வேன் வந்தது. ஜெயித்தால் கேட்டிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வருவார்கள். அது சத்தமில்லாமல் வந்து நின்றது. ஒவ்வொருவராக இறங்கி என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தன் மட்டும், "ஒரே பாஸ்கெட்டுல போச்சி ஆயா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வல்லக்கோட்டைப் பையன் கடைசியாக இறங்கினான். நான் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் எதிரே போய் நின்றேன். அன்றைக்கு அவன் எப்படி விழுந்தான் என்று கேட்டேன்.

"அடுத்தவன் கால மிதிச்சேன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. எனக்கு வழுக்குனா மாதிரி இருந்துச்சி. ரெண்டுமாகூட இருக்கும் ஆயா, யாருக்குத் தெரியும்." பிறகு, "இத்தினி நாளா பக்கத்துலதான் குந்திகினு இருந்த. இப்பதான் கேக்கறியா?" என்றான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அடுத்த வருசம் நான் ஆட எறங்கிடுவேன், டாக்டரு சொல்லிட்டாரு. அப்ப நடுவுல வந்து நின்னியானா உன்ன ஸ்டூலோட தூக்கிகினு போயி வெளிய வச்சிடுவேன்."

"தண்ணி கீதுன்னா நிப்பேன்" என்றேன்.

படியேறிக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர்கள் பின்னால் படியேறினான்.