சுக்குக்குத் துணை தேடிய சேவியர் அண்ணன்

பொன்னமராவதி கடைவீதியில் என் பாத்திரக்கடைக்கு நேர் எதிரே சேவியர் அண்ணனின் மருந்துக்கடை. நான் வந்து ஷட்டரைத் தூக்கும் நேரத்தில் அவர் வாசல் தெளித்து, உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை அவர் கடை சாத்தியே கிடந்தது. சரக்கு எடுக்கத் திருச்சிக்குப் போயிருப்பார், சொல்லாமல் போய்விட்டாரே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே குடங்களை வெளியே அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. "அண்ணே, ஒடனே வாங்க. சேவியர் சார் எந்திரிக்கல." குடங்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். தூக்கத்திலேயே போயிருந்தார். இதயம்தான் என்று டாக்டர் சொன்னார்.

வியாபாரிகள் சங்க மலருக்கு அவரைப் பற்றி நீயே எழுது என்று சங்கத்தார் சொன்னபோது நான் மறுக்காததற்கு ஒரு காரணம் உண்டு. மகள் ரெஜினா தோஹாவிலிருந்து வந்து சேரும்வரை அண்ணனை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். ரெஜினா வந்து அழுது ஓய்ந்த பிறகு, நான் பின்கட்டுக்குப் போய், அவர் வளர்த்த இரண்டு முயல்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து பெட்டியின் கண்ணாடிமேல் வைத்து அவர் முகத்தைக் காட்டினேன். கூட்டத்தில் உங்களில் பலர் முகம் சுளித்தீர்கள். "எழவு வீட்டுல என்னய்யா வெளாட்டு?" என்று ஒரு பெரியவர் சத்தமே போட்டார். நான் விளையாடவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

சேவியர் அண்ணனிடம் மருந்து வாங்கிய எல்லோருக்கும் அவருடைய ஒரு வழக்கம் தெரியும். சீட்டைப் பார்த்து, கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையை வெட்டி, சின்னக் கவரில் போட்டுக் காலை, இரவு என்று எழுதி முடித்ததும், காசை வாங்குமுன் ஒரு கேள்வி கேட்பார். "வீட்ல கூட யாரு இருக்கா?" காய்ச்சலுக்கு வாங்குபவரிடமும் கேட்பார், கால்வலிக்கு வாங்குபவரிடமும் கேட்பார். எனக்குப் பொறுக்காது. "மருந்து விக்கிறீங்களா, சென்சஸ் எடுக்குறீங்களா?" என்று இங்கிருந்தே கத்துவேன். "மாத்திரை பாதி, பக்கத்துல ஆளு பாதி ராமையா. ரெண்டாவது பாதி எங்கடையில இல்ல, அதான் கேட்டுக்கிறேன்" என்பார். யாருமில்லை என்று சொன்ன ஒருவரின் வீட்டுக்கு அவரே சாயங்காலம் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்ததும் உண்டு.

அவர் வீட்டிலேயே அந்த ரெண்டாவது பாதி இல்லாமல் போனது. மனைவி லூர்து அக்கா காலமாகி, ரெஜினாவும் கல்யாணமாகி தோஹா போனபின், மத்தியானம் அவர் தூக்குச்சட்டியோடு ரோட்டைக் கடந்து என் கடைக்கு வர ஆரம்பித்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இட்லிக் கொப்பரைகளுக்கு நடுவே உட்கார்ந்து இருவரும் சாப்பிடுவோம். என் மனைவி சிவகாமி குழம்பை இரண்டு ஆளுக்கு ஊற்றிக் கொடுத்துவிடுவாள். அவர் கொண்டுவரும் ரசம் வாயில் வைக்க விளங்காது. அதை நான் ஒரு நாளும் சொல்லாமல் இருந்ததில்லை. அவர் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை.

ரெஜினா கல்லூரியில் படிக்கும்போது வாங்கி வளர்த்த இரண்டு முயல்கள் அவரிடம் இருந்தன. ஒரே ஈற்றில் பிறந்த பெட்டைகள். வெள்ளைக்குச் சீனி என்றும் பழுப்புக்குச் சுக்கு என்றும் பெயர். மகள் போன பிறகு கொத்தமல்லிக் கட்டும் அருகம்புல்லும் வாங்கிப்போவது அண்ணனின் வேலையாயிற்று. எங்கள் ஊரில் முயல் என்றால் குழம்பு. "அண்ணே, எப்ப விருந்து?" என்று நான் கேட்காத வாரம் கிடையாது.

முந்தின கோடையில் ஒரு நாள், வெயில் தாங்காமல் சீனி செத்துப்போனது. கடைக்குக் கிளம்பும் அவசரம். எறும்பு மொய்க்குமே என்று அண்ணன் உடனே எலுமிச்சை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து சுக்கு தீனியைத் தொடவில்லை. கூண்டின் மூலை, தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம், படிக்கட்டின் அடி என்று ஓரிடம் விடாமல் தேடியது. பிறகு தேடுவதையும் விட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்த அண்ணன் தூக்குச்சட்டியைத் திறக்கவேயில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் ராமையா. கூடப் பொறந்தது செத்துக் கெடக்கு, மொகத்தக் காட்டாம எடுத்துட்டேன்."

"முயலுக்கு என்னண்ணே மொகம் பாக்குறது?"

"நம்ம வீட்டுல எழவுன்னா பச்சப்புள்ளையக்கூடத் தூக்கி மொகத்தக் காட்டுறோம்ல? எதுக்கு? இனிமே வராதுன்னு தெரியட்டும்னுதான. இதுக்கு யாரு சொல்லுவா? அது இன்னும் வரும்னு ஒக்காந்திருக்கு."

கேலி செய்ய வாயெடுத்தவன், என் தூக்குச்சட்டியையும் மூடி வைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். "இது ஒரு நா திங்கலன்னாலே ஆபத்துங்க சார். கூழாக் கரைச்சு ஊட்டுங்க. சீக்கிரமா கூட ஒண்ண விடுங்க. பெட்டையாவே பாத்து வாங்குங்க, இல்லாட்டி வீடு நெறைஞ்சுபோகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊசி இல்லாத சிரிஞ்சில் கீரைக் கூழை உறிஞ்சி, மடியில் வைத்து, கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக அண்ணன் ஊட்டினார். அதற்காகக் கடையை அடிக்கடி மூடினார். 

துணை தேடி நாங்கள் இருவரும் என் மோட்டார் சைக்கிளில் அன்னவாசல் பக்கம் முயல் வளர்க்கும் ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா கறிக்கு வளர்ப்பவர். எங்களைப் பார்த்ததும், "எத்தன கிலோங்க வேணும்? உரிச்சுத் தரவா, உசுரோட வேணுமா?" என்றார். அண்ணன் பதறிப்போய், "அய்யோ, உசுரோடதாம்மா" என்றார். நல்ல கொழுத்ததாக ஒன்றைக் காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார் அவர். அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை.

"ஏம்மா, இதுல எது தனியாப் படுக்காது?"

"என்னதுங்க?"

"தனியாப் படுக்காம, இன்னொண்ணு மேல சாஞ்சே கெடக்கும்ல, அந்த மாதிரி."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காதை விட்டுவிட்டு, கூண்டுக்குள் கைவிட்டு மெதுவாக ஒரு சின்னக் கறுப்பு முயலை வயிற்றோடு அணைத்து எடுத்தார். "இந்தக் கருப்பிதாங்க. எங்கிட்டு விட்டாலும் எதாச்சும் ஒண்ணு மேல போய் ஒட்டிக்கிரும். எடையே ஏறாது, கழிச்சுப் போட்டுருந்தேன்." அண்ணன் வேட்டி மடிப்பில் அதை வாங்கிக்கொண்டார். சித்தன்னவாசல் சாலையில் திரும்பும்போது எதிர்காற்று அடித்ததற்கு, வண்டியை மெதுவாக ஓட்டு என்று என் முதுகில் தட்டிக்கொண்டே வந்தார். மிளகு என்று பெயர் வைத்ததும் வழியில்தான்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் மிளகைச் சுக்கின் கூண்டில் விட்டோம். ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும் என்று இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்து நிற்கவே தெம்பில்லாமல் கிடந்த சுக்கு, பாய்ந்து வந்து அதன் காதைக் கவ்வியது. ரோமம் பறந்தது. பிரித்து எடுப்பதற்குள் அண்ணன் விரலிலும் ஒரு கடி. கறுப்புக் காதில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "சீனி எடத்துல இன்னொருத்திய வச்சா யாருக்குத்தான் வயிறு எரியாது" என்றார். அந்த அம்மாவிடமே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றேன். "கொழம்புக்கா?" என்று கேட்டார். 

வழி சொன்னவள் சிவகாமி. நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்ணு பாக்குறத ஏன் கோயில்ல வைக்கிறோம்? வீட்டுல வச்சா ஒரு பக்கம் அதிகாரம், ஒரு பக்கம் கூச்சம். ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத எடமாப் பாருங்க." எங்கள் மகளுக்கு மாப்பிள்ளை வந்து பார்த்ததும் கோயில் மண்டபத்தில்தான். பிடிக்கவில்லை என்றால் சாமி கும்பிட வந்தோம் என்று இரண்டு தரப்பும் கௌரவமாகக் கிளம்பிவிடலாம். அண்ணன் சர்ச்சுக்குப் போகிறவர், நான் கோயிலுக்குப் போகிறவன். முயல்களை இரண்டு இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது. கடைசியில் என் பாத்திரக் கிடங்கு என்று முடிவாயிற்று.

மத்தியானங்களில் இரண்டையும் அங்கே விட்டுவிட்டு அண்ணன் வெறுந்தரையில் உட்கார்ந்துவிடுவார். சுக்கு ஒரு மூலை, மிளகு ஒரு மூலை, நடுவில் அவர். பேச மாட்டார், கூப்பிட மாட்டார், நெட்டித் தள்ள மாட்டார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. "பக்கத்துல தூக்கி வையுங்கண்ணே" என்பேன். "தானா வரணும்" என்பார். சிரிஞ்சில் ஊட்டியது மட்டுமே சுக்கின் வயிற்றில் இருந்தது. நாளாக நாளாக அதன் முதுகெலும்பு கையில் தட்டியது. இது பிழைக்காது என்றே நான் நினைத்தேன். அவரும் அதைத்தான் நினைத்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

ஒரு நாள் கிடங்கில் நான் மேலடுக்கிலிருந்து ஓர் அண்டாவை எடுக்கப் போய், அடுக்கே சரிந்து விழுந்தது. கடைவீதி முழுக்கக் கேட்டிருக்கும், உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அண்ணன் என்னைத் திட்டிய ஒரே நாள் அதுதான். திட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, என் கையைப் பிடித்து இழுத்தார். ஒரு சாக்கு மூட்டைக்குப் பின்னால் இரண்டு முயல்களும் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தன. மிளகின் தலை சுக்கின் கழுத்துக்கு அடியில் இருந்தது. நடுக்கம் நின்ற பிறகும் அவை பிரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சுக்கு அந்தக் கடிபட்ட காதை நக்கத் தொடங்கியது. அன்று சாயங்காலம் அது தானாகக் கொத்தமல்லி தின்றது. அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் சட்டையெல்லாம் கிடங்குத் தூசி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு வருத்தம். சிரிஞ்சோடு அவர் மடியில் கிடந்த சுக்கு, துணை கிடைத்ததும் அவர் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. "நன்றி கெட்டது. இம்புட்டுப் பாடுபட்டது யாரு?"

அவர் சிரித்தார். "என்னைய மறந்துருச்சுன்னாத்தான ராமையா சரியாயிருச்சுன்னு அர்த்தம். நான் இல்லாதப்பவும் அது திங்கணும்ல?"

அப்போதுதான் சொன்னார், இதயத்தில் அடைப்பு இருக்கிறது என்று. மதுரையில் காட்டியிருக்கிறார். மகளிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. முயலுக்குத் துணை தேடி அவர் ஏன் அப்படி அலைந்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஐஸ் பெட்டிமேல் அவற்றை வைத்ததற்குக் காரணம் இதுதான். அவர் வருந்திய ஒரு தவறை அவர் விஷயத்தில் நான் செய்யக்கூடாது என்று நினைத்தேன். அந்தப் பெரியவர் சத்தம் போட்டபோது ரெஜினாதான், "காட்டட்டும் தாத்தா, அப்பாவுக்குப் புடிக்கும்" என்றாள். அடக்கம் முடிந்த பின் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு முயலைக் கேட்டார்கள். தரமாட்டேன் என்று சொல்லி இரண்டையும் என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். அன்றைக்கு ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. மறுநாள் இரண்டும் தின்றன.

நான்தான் தின்னவில்லை. எதிரே ஷட்டர் இறங்கிக் கிடக்க, மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறப்பேன், மூடுவேன். அப்படியே திரும்பி வரும் சோற்றைப் பார்த்துச் சிவகாமி அழுதாள். அந்த வாரக் கடைசியில், பழக்கடை ஷாஜகான் கையில் டிபன்பாக்ஸோடு என் கடைக்குள் வந்து உட்கார்ந்தார். அவரோடு நான் அதுவரை நின்று பேசியதுகூட இல்லை. வியாபார நேரத்தில் இங்கே என்ன வேலை என்று எரிந்து விழுந்தேன். அவர் அசையவில்லை.

"சேவியர் அண்ணன் முன்னாடியே எங்கிட்ட சொல்லிவச்சிருந்தாருங்க. 'எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மத்தியானம் போயி ராமையாகூட ஒக்காரு. அவன் வெரட்டுவான். நீ எந்திரிக்காத.' அதான் வந்தேன்."

அவர் எனக்கென்று விட்டுப்போனது எது என்று கேட்டால், வீட்டில் இரண்டு முயல்கள் இருக்கின்றன, மத்தியானம் எதிரே ஷாஜகான் இருக்கிறார். இன்னும் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. நேற்று அவர் தன் டிபன்பாக்ஸிலிருந்து ஒரு கரண்டி மீன்குழம்பை என் சோற்றில் ஊற்றினார். தட்டைத் தள்ளாமல் முழுதும் சாப்பிட்டேன்.